ஆண்டவரைத் திட்டிவிட்டேன், தப்பா?

மோட்டார்கொட்டகை:
தரங்கம்பாடிப் பக்கம், லுத்தரன் குடும்பம். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. கடைசி ஒரு வருடம் அவரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அரை மா நிலத்துக்கு. கோயிலில் ஜெபிக்கச் சொன்னால் ‘கிருபையும் இரக்கமும் உள்ள பிதாவே’ என்று தடங்கலில்லாமல் வருகிறது, வீட்டில் தனியாக முழங்கால் போட்டால் வாயே திறப்பதில்லை. போன வாரம் குறுவைக்குத் தண்ணீர் வைக்கப் போன இடத்தில், மோட்டார் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில், ‘இன்னும் ஒரு வாரம் அவரை விட்டுவைத்தால் உமக்கு என்ன குறைந்துபோகும்’ என்று கத்திவிட்டேன். அப்புறம் ஒரே பயம்.

பூண்டிஅக்கா:
தம்பி, நான் கத்தோலிக்கம். என் மகன் விஷயத்தில் மனசு உடைந்திருந்தபோது வேளாங்கண்ணியில் மாதா குளம் வரைக்கும் அந்த மணலில் முட்டி போட்டு நடந்தேன். முட்டி தேய்ந்தது, வாய் மட்டும் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வேண்டிக்கொண்டே போனது, என் வலியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு பாவசங்கீர்த்தனத்தில் ‘கடவுள் மேல் கோபம், சாமி’ என்றேன். ‘அவரிடம் சொன்னீர்களா?’ என்று மட்டும் குருவானவர் கேட்டார். பைபிளில், பிள்ளையில்லாத அன்னாள் சீலோ ஆலயத்தில் அழுது ஜெபித்தபோது குருவான ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்றுதானே நினைத்தார்? அழகாக ஜெபித்திருந்தால் அப்படித் தோன்றியிருக்குமா?

பழையஉபதேசியார்:
88-ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்துத்தானே இருக்கிறார்கள். ‘விசுவாசம் பத்தல’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. மாற்கு சுவிசேஷம் 9-இல் பிசாசு பிடித்த பையனின் தகப்பன் ‘என் அவிசுவாசம் நீங்க உதவும்’ என்று தன் அவிசுவாசத்தையே எடுத்து இயேசுவிடம் கொடுக்கிறான், பையன் சுகமாகிறான். ஆனால் ஒன்று தம்பி, கோபித்துக்கொள்ளாதே. ஒரு வாரம் கேட்கிறாயே, கையில் ஒரு வருடம் இருந்ததே. திட்டியது போதும், அதையும் சொல். தூக்கம், சாப்பாடு கெட்டிருந்தால் டாக்டரையும் பார், அதில் ஒன்றும் விசுவாசக் குறைவு இல்லை.

மோட்டார்கொட்டகை:
ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்து இரண்டு நாள் உங்கள் மேல்தான் கோபம். இன்று போனேன். மும்முனை கரண்ட் வரவில்லை, மோட்டார் ஓடவில்லை, சத்தமில்லாத இடத்தில் ‘நான்தான் பேசவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்ல ரொம்ப நேரம் ஆனது. சொல்லிவிட்டு அழுதேன். பக்கத்து வயல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். தூக்கத்துக்கு டாக்டரிடம் வியாழக்கிழமை போகிறேன். அக்கா, உங்கள் மகன் இப்போது எப்படி இருக்கிறான்?