டலி லைட்டுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

வெள்ளவத்தையிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். பம்பலப்பிட்டியில் ஓர் அரங்கேற்றம், நாலு கமரா, நேரடி ஒளிபரப்பு. புதுப் பெடியங்களுக்குக் கைநூல் எழுதுகிறேன். டலி லைட்டில் வந்து நிற்கிறேன். கமராவின் தலையில் இருக்கும் சின்ன விளக்கு. சிவப்பு எரிந்தால் அந்தக் கமராவின் படம்தான் வெளியே போகிறது, அசையக் கூடாது. பச்சை எரிந்தால் அடுத்தது நீ, பிறேமைச் சரிசெய்து வை. போன தடவை ஒரு கமராவில் விளக்கு பழுது. அதில் நின்ற தம்பி தன் படம் போகவில்லை என்று நினைத்து கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்தான். தில்லானா நடுவில் திரை முழுக்க லேஞ்சி.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
'செவ்விளக்கு' போதுமே தம்பி.

வெள்ளவத்தையிலிருந்து:
பச்சையும் உண்டு அண்ணா. 'பச்சைச் செவ்விளக்கு' என்றா எழுதுவது?

தெஹிவளையிலிருந்து:
டலி என்பதே நமது 'தாலி'தான். முடிவாகிவிட்டது என்பதன் அடையாளம். மேலைநாட்டார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
ஐயா, அது வெட்டிய குச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல். கடன் கணக்கைக் குச்சியில் வெட்டி, நெடுக்கப் பிளந்து, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். இரண்டும் பொருந்தினால் கணக்குச் சரி. எந்தக் கமராவின் படம் போக வேண்டும் என்று மாற்றும் மிக்சரில் அமத்தியதும் கமராவில் எரிவதும் பொருந்த வேண்டுமே, அதனால் 'பொருத்தவிளக்கு'?

வத்தளையிலிருந்து:
தாலி, பொருத்தம்... கைநூலா, கலியாண அழைப்பிதழா? நான் சொல்வது 'சுட்டுவிளக்கு'. அ, இ, உ மூன்றையும் தொல்காப்பியம் சுட்டு என்கிறது. எந்தக் கமரா என்று சுட்டுவதுதானே இதன் வேலை.

தெஹிவளையிலிருந்து:
அருமை பிள்ளை! அப்படியென்றால் சிவப்பு 'இது', சும்மா நிற்கும் கமரா 'அது', இரண்டுக்கும் நடுவில் காத்திருக்கும் பச்சை 'உது'. மற்றவர்கள் கைவிட்ட உகரச் சுட்டு யாழ்ப்பாணத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பச்சைக்கு 'உவ்விளக்கு' என்றே வைக்கலாம்.

வத்தளையிலிருந்து:
என் குழுவில் பாதிப் பேர் மலையகம், மிச்சப் பேர் கொழும்பு. 'உது' என்றாலே சிரிக்கிறார்கள் ஐயா.

மட்டக்குளியிலிருந்து:
நான் கமராவில் நிற்பவன். பக்கத்தில் மிருதங்கம், காதில் ஹெட்செட். 'மூன்றாம் கமரா, டலி வருதா?' என்று மிக்சரில் இருப்பவர் ஒரே மூச்சில் கேட்க வேண்டும். சுட்டுவிளக்கு என்று முடிப்பதற்குள் ஷொட் மாறிவிடும். வெதுப்பகம் என்று பலகை போட்டாலும் சனம் பாண் வாங்கப் பேக்கரிக்குத்தான் போகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
பாணும் லேஞ்சியும் போர்த்துக்கேயம். அவற்றை வைத்திருக்கிறோம், டலியையும் வைத்துக்கொள்ளலாம். 'றலி' என்று மட்டும் எழுதாதீர்கள், எனக்கு அப்பாவின் றலி சைக்கிள் ஞாபகம் வரும்.

வெள்ளவத்தையிலிருந்து:
சரி. கைநூலில் 'சுட்டுவிளக்கு', கமராவில் ஒட்டும் துண்டில் 'டலி'. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

தெஹிவளையிலிருந்து:
என் எதிர்ப்பு பதிவாகட்டும். தாலி பற்றித் தனியே எழுதுகிறேன்.