கருத்துப்போன க்ளவுன் மீனும் நான் கெடுத்த ஜோடியும்

ஓசெல்லாரிஸ் என்பது க்ளவுன் மீனில் ஒரு வகை, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டைகள். பண்ணையில் பொரித்த ஓசெல்லாரிஸ் குஞ்சுகள் இரண்டை வாங்கிவிட்டேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஒன்றுக்கு நடுப்பட்டை முதுகில் தொடங்கி வயிற்றுக்கு வருவதற்குள் நின்றுபோயிருந்தது. தொட்டியில் வளரும் குஞ்சுகளில் இந்த அரைப்பட்டை சகஜம். அதனால் அது அரையன், மற்றது முழுசு.

ஆண் பெண் பார்த்தா வாங்கினாய் என்று கேட்பார்கள். குஞ்சில் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டில் எது முந்தி வளர்ந்து அதிகாரம் பண்ணுகிறதோ அது பெண், அடங்கிப்போவது ஆண். ஒருமுறை பெண்ணாகிவிட்டால் திரும்ப ஆணாகாது.

இரண்டு மாதம் ஒரே துரத்தல். அரையன் நன்றாகத் தின்று பெருத்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் தீனி போடும்போது முழுசு அதன் எதிரே போய், உடம்பை ஒருக்களித்து, குளிர்ஜுரம் வந்த மாதிரி வெடவெடவென்று நடுங்கியது. வலிப்பு என்று பதறிவிட்டேன். 'நீதான் பெரியவள்' என்று ஒத்துக்கொள்வதே அந்த நடுக்கம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து இரண்டும் ஒரே மூலையில் தூங்க ஆரம்பித்தன.

எட்டாவது மாதம் அரையன் தொட்டியிலிருந்த ஹேமர் பவளத்துக்குள் (சதைப்பற்றான கைகள் நீட்டும் ஒரு பவளம்) குடியேறியது. மூன்றே வாரத்தில் முதுகில், பட்டை ஓரங்களில் எல்லாம் விளக்குக்கரி அப்பியதுபோல் கருப்பு. நோய் என்று முடிவுகட்டி, பிடித்துத் தனித்தொட்டியில் போட்டு 16 நாள் மருந்து கொடுத்தேன்.

இங்கேதான் என் முட்டாள்தனம். அது வழக்கம்போலத் தின்றது. செவுள் நிதானமாக அசைந்தது. க்ளவுன்களைக் கொல்லும் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி வந்தால் தோலில் வெண்சளி படரும், மூச்சு வாங்கும், தீனி நிற்கும், நிறமும் வெளுக்கும். கருப்பு ஏறுவது வேறு சங்கதி. கடல்சாமந்தியிலோ (sea anemone) பவளத்திலோ புதிதாகக் குடியேறும் க்ளவுன்களில் பலவற்றுக்குத் தோலில் மெலனின் என்ற கருநிறமி கூடும். அதற்கு மருந்தும் தேவையில்லை, ஒன்றும் தேவையில்லை.

திருப்பி விட்டேன் பாருங்கள், முழுசுக்கு அது யாரென்றே தெரியவில்லை. 16 நாளில் முழுசு தனிக்காட்டு ராஜாவாகிவிட்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே நிற்கும் என் காதுக்கே 'டக் டக்' என்று தாடைச் சத்தம் கேட்டது. பத்து நிமிடத்தில் அரையனின் வால் கிழிந்தது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் முழுசை அடைத்து, அதே தொட்டியில் தொங்கவிட்டேன். ஒன்பது நாள் இரண்டும் சுவருக்கு இருபுறமும் முறைத்துக்கொண்டே இருந்தன. பத்தாம் நாள் காலை முழுசு டப்பாவுக்குள் ஒருக்களித்து நடுங்கியது. திறந்துவிட்டேன்.

இப்போது மாதம் இரண்டு தடவை முட்டை. முதல் இரண்டு முறையும் அவர்களே தின்றுவிட்டார்கள்!

*

நானும் நிறத்தில் ஏமாந்தவன்தான் அண்ணே, ஆனால் எதிர்ப்பக்கம். கருப்பு ஓசெல்லாரிஸ் என்று வாங்கியது வீட்டுக்கு வந்து பார்த்தால் மங்கின ஆரஞ்சு. கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார் என்று சண்டைக்கே போனேன். வடக்கு ஆஸ்திரேலியாவில் டார்வின் பக்கத்துக் கருப்பு வகை குஞ்சில் அப்படித்தான் இருக்குமாம். கருப்பு முழுசாக ஏற எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, மூக்கு நுனியில் கடைசிவரை ஆரஞ்சு நின்றது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.

இன்னொன்று. நடுராத்திரி விளக்கைப் போட்டுப் பார்த்து 'மீன் வெளுத்துவிட்டது' என்று பயப்படாதீர்கள். தூங்கும்போது வெளிறும், விடிந்தால் சரியாகிவிடும்.

அரைப்பட்டை பிற்பாடு முழுசாகுமா?

*

டப்பா யோசனை சரி. ஆனால் சண்டை வந்தபிறகு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, முதல் நாளே வைக்க வேண்டும். என் பெண் மீன் செத்தபோது அப்படித்தான் செய்தேன். மிச்சமிருந்த ஆண் சில நாளிலேயே பெண்ணைப்போல அதட்ட ஆரம்பித்தது. நடத்தைதான் முதலில் மாறும், உள்ளே சினைப்பை உருவாக மாதக்கணக்காகும். அதைவிடப் பாதி அளவுள்ள குஞ்சைத்தான் சேர்த்தேன், ஏழாவது மாதம் முட்டை கிடைத்தது. இரண்டு பெரிய மீன்களை 'சேர்ந்த ஜோடி' என்று யாராவது விற்றால் உஷார். இரண்டும் பெண்ணாக இருந்தால் ஒன்று சாகும்வரை விடாது.

பட்டை பற்றிக் கேட்டவருக்கு: பாப்புவா நியூகினியாவின் கிம்பே விரிகுடாவில் ஓசெல்லாரிஸுக்கு நெருங்கிய இனமான பெர்குலா க்ளவுன்களைப் பார்த்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. எந்தக் கடல்சாமந்தியில் குஞ்சு குடியேறுகிறதோ அதைப் பொறுத்துப் பட்டை சீக்கிரமோ தாமதமாகவோ வருகிறதாம். தைராய்டு ஹார்மோன்தான் காரணம். ஆக, குஞ்சுப் பருவச் சூழலுக்கும் பட்டைக்கும் தொடர்பு உண்டு.

*

முதல் நாளே டப்பா, ஒத்துக்கொள்கிறேன். அடுத்தமுறை என்று ஒன்று வராமலிருக்கட்டும்.

அரையனின் பட்டை இன்றைக்கும் பாதியில்தான் நிற்கிறது. நேற்று இட்ட முட்டைகள் தொட்டியில் கிடக்கும் ஓட்டுத்துண்டில் ஆரஞ்சாக ஒட்டியிருக்கின்றன. முழுசு விசிறிக்கொண்டே இருக்கிறது, தொட்டிக்குள் என் கை போனால் அரையன் வந்து கடிக்கிறது.