மறு: யூரிப்பிடீசின் மெக்கானே: எந்திரக் கடவுளா, துலாவா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் பயன்படுத்திய மெக்கானே என்ற மேடைக் கருவிக்கும், அதில் தெய்வத்தை வரவழைத்துக் கதையைச் சட்டென்று முடித்துவைக்கும் உத்திக்கும் (deus ex machina) நாடகச் சொற்பட்டியலில் 'எந்திரக் கடவுள்' என்றே போட்டுவிடலாம் என்று இந்த இழை போகிறது. எனக்கு உடன்பாடில்லை. படிக்கிறவருக்கு ரோபோதான் நினைவுக்கு வரும். ஏதென்சில் மெக்கானே என்பது மரத்தாலான தூக்கி. மேடைக் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும். கயிறும் கப்பியும் கொண்டு நடிகரைக் கூரைக்கு மேலே தூக்கித் தொங்கவிடும்.

அதைவிடச் சிக்கல் 'கடவுள்'. கி.மு. 431இல் மேடையேறிய யூரிப்பிடீசின் 'மெடியா' நாடகத்தையே பாருங்கள். பிள்ளைகள் செத்துவிட்டார்கள் என்று கேட்டதும், கதவைத் திறக்கச் சொல்லிக் கத்துகிறான் மெடியாவின் கணவன் ஜேசன். அவளோ தலைக்கு மேலே, பாட்டன் சூரியன் தந்த தேரில், சடலங்களோடு இருக்கிறாள். தெய்வம் வந்து நிற்கிற இடத்தில், பெற்ற பிள்ளைகளைக் கொன்ற தாய்! முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும், மெடியாவில்போல மெக்கானேயால் அவிழக்கூடாது என்று அரிஸ்டாட்டில் குறை சொல்வது இதைத்தான். கடவுளே வராத முடிவுக்குக் கடவுள் பெயர் எதற்கு?

என் பரிந்துரை: கருவிக்கு 'மேடைத்துலா'. யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் துலா (நீர் இறைக்கும் நெடுமரம்) தெரிந்த சொல். தமிழகத்தில் ஏற்றம் என்போம். ஆனால் அது விலையேற்றம், அரங்கேற்றம் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். கதை உத்திக்குத் 'துலாமுடிவு'. கி.மு. 408இல் வந்த அவரது 'ஒரெஸ்டீஸ்' நாடகத்தில், நீ கழுத்தில் வாள் வைத்திருக்கிற ஹெர்மியோன் என்ற பெண்ணையே கட்டிக்கொள் என்று நாயகன் ஒரெஸ்டீசிடம் அப்போலோ தெய்வம் வந்து சொல்லி முடித்துவைக்கிறானே, அதற்கும் இது பொருந்தும்.

இயக்குபவர் 'துலாக்காரர்'. யூரிப்பிடீசின் நாடக நாயகன் பெல்லரோஃபோன் இந்தத் துலாவில் தொங்கும் பறக்கும் குதிரையில் போனான். நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் அதைக் கேலிசெய்து தன் நாயகனைச் சாணவண்டில் ஏற்றினார். அவன் அந்தரத்தில் கதையை மறந்து, பார்த்து இயக்கப்பா என்று துலாக்காரரிடம் கெஞ்சுவான். சொல் அங்கே கச்சிதமாக உட்காரும்.

-----

> கதை உத்திக்குத் 'துலாமுடிவு'

ஐயா, மேடைத்துலாவும் துலாக்காரரும் சரி. ஆனால் துலா என்றால் எங்கள் பக்கம் தராசு, அப்புறம் ராசி. 'முடிவு' சேர்ந்ததும் நீதிமன்றத் தீர்ப்புபோல ஒலிக்கிறது. நீளமானாலும் 'மேடைத்துலா முடிவு' என்றே எழுதலாமே? மறுப்பு வராவிட்டால் பட்டியலில் அப்படியே சேர்த்துவிடுகிறேன்.