விமானத் தொடக்க விழாக்களைப் படமெடுக்க ஆர்வலர்களை ஏப்ரனுக்குள் விடலாமா?

வேலியோரம்:
ஒரு விமான நிறுவனம் புதிய வழித்தடத்தைத் தொடங்கும்போதும், புதிய ரக விமானம் ஒரு பன்னாட்டு நிலையத்தில் முதன்முறையாக இறங்கும்போதும், நெடுங்காலம் பறந்த ரகம் ஒன்று கடைசியாகப் புறப்படும்போதும், ஏப்ரனில், அதாவது விமானங்கள் வந்து நிற்கும் தளத்தில், நின்று படமெடுக்கும் வாய்ப்பு பெரும்பாலும் அந்த நிறுவனம் அழைத்த செய்தியாளர்களுக்கும் அது அமர்த்திய புகைப்படக்காரருக்கும் மட்டுமே கிடைக்கிறது. அவர்கள் வெளியிடும் படங்களைப் பாருங்கள்: ரிப்பன், கேக், மாதிரி விமானத்தைக் கைமாற்றிக்கொள்ளும் இரண்டு அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் பாதி வால். எந்த நிலையம், எந்த ஆண்டு என்பதைப் படக்குறிப்பைப் படிக்காமல் சொல்ல முடியாத அளவுக்கு அவை ஒன்றுபோல் இருக்கின்றன.

ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டின் கடைசி வணிகப் பயண நாளான 2003 அக்டோபர் 24 அன்று மூன்று கான்கார்ட் விமானங்கள் ஹீத்ரோவில் அடுத்தடுத்துத் தரையிறங்கியபோது, வேலிக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தனர். அத்தகைய நாள்களை அவற்றின் முழு உருவத்தில் பதிவு செய்கிறவர்கள் அந்த ஆர்வலர்களே என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, முன்பதிவும் பின்னணிச் சரிபார்ப்பும் முடித்த ஒரு சிறு குழுவையாவது, நிலைய ஊழியர் ஒருவரின் துணையோடு உள்ளே அனுமதிப்பதை நிலையங்கள் வழக்கமாக்க வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரன் பணியாளர்:
நண்பரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் கோரிக்கையை ஏற்க முடியவில்லை. நீங்கள் விழா என்று பார்க்கும் அதே வேளையில், பக்கத்து நிறுத்துமிடத்தில் வேறொரு விமானம் பின்னோக்கித் தள்ளப்பட்டுக்கொண்டிருக்கும், எரிபொருள் வண்டி ஒன்று வந்துகொண்டிருக்கும். விமானத்தின் முதுகிலும் அடிவயிற்றிலும் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்வரை, என்ஜின் ஓடுகிறது அல்லது ஓடப்போகிறது என்றே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அந்த விளக்கும் அணைந்த பிறகுதான் நாங்களே விமானத்தை நெருங்குகிறோம். படக்காரர்கள் விரும்பும் காட்சியோ அந்த விளக்கு மின்னும்போதுதான் வருகிறது.

அடுத்து, தரையில் விழும் பொருள்கள். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் புறப்பட்ட கான்கார்டின் டயரைக் கிழித்தது, அதற்கு முன் புறப்பட்ட விமானத்திலிருந்து ஓடுதளத்தில் விழுந்து கிடந்த, ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் உலோகப் பட்டை. தெறித்த டயர்த் துண்டு இறக்கையின் அடியில் மோதி, எரிபொருள் தொட்டி உடைந்து, 113 பேர் உயிரிழந்தனர். அதனால்தான் ஒரு லென்ஸ் மூடி கீழே உருண்டாலும் நாங்கள் பதறுகிறோம். விழாவுக்காகக் கொண்டுவரும் பலூன்களையும் காகிதத் துகள்களையும் தடுப்பதற்கே பெரும்பாடு படுகிறோம்.

தீயணைப்பு வண்டிகள் தண்ணீரை வளைவாகப் பீய்ச்சி விமானத்துக்கு மரியாதை செய்யும் வாட்டர் சல்யூட் பற்றியும் சொல்ல வேண்டும். தீயணைப்பு வண்டிகள் எந்த ஓடுதளத்தின் எந்தப் பகுதிக்கும் 3 நிமிடத்துக்குள் சென்றடைய வேண்டும் என்பது பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. அகல உடல் கொண்ட பெரிய விமானங்கள் வந்துபோகும் நிலையத்தில் குறைந்தது 3 வண்டிகள் தயாராக நிற்க வேண்டும். வளைவாகத் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் இரண்டு வண்டிகளும், தொட்டியை மீண்டும் நிரப்பி முடிக்கும்வரை அந்தக் கணக்கில் சேரா. ஆகவே உபரி வண்டிகள் இருந்தால்தான் சல்யூட் நடக்கும், அதுவும் குறித்த நேரத்தில் ஒரே ஒரு முறை. படம் சரியாக அமையவில்லை, இன்னொரு முறை பீய்ச்சுங்கள் என்று கேட்கும் கூட்டத்தை நான் உள்ளே விட விரும்பவில்லை.

விழாப்படக்காரர்:
நிறுவனங்களுக்காக இத்தகைய விழாக்களைப் படமெடுப்பது என் தொழில் என்பதால், முதல் பதிவுக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ரிப்பன் படம் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம், அதைக் கேட்டவருக்கு அதுதான் தேவை. அதில் யார் நின்றார், யாருக்குப் பக்கத்தில் நின்றார் என்பதற்கு அந்த நிறுவனத்துக்குள் பெரிய மதிப்பு உண்டு. அதற்கு அவர்கள் கூலி தருகிறார்கள், நான் எடுத்துத் தருகிறேன். இதில் இழிவு எதுவும் இல்லை.

ஆனால் அதே விழாவில் என் மனம் முழுவதும் தோயும் இடம் தண்ணீர் வளைவுதான். விமானம் எந்தத் திசையிலிருந்து வளைவுக்குள் நுழையும், அந்த நேரத்தில் சூரியன் எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வேன். சூரியனுக்கு எதிர்முகமாக நின்றால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகச் சுடர்விடும், விமானம் கறுத்துப்போகும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் விமானத்தின் நிறம் துலங்கும். சூரியன் தொடுவானத்துக்கு மேலே 42 பாகைக்கும் குறைவான உயரத்தில் இருந்தால் வானவில்லும் விழும். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பெற முடியாது, இடம் மாறி ஓடவும் முடியாது. விசிறியால் (புரொப்பல்லர்) இயங்கும் விமானமாக இருந்தால் இன்னொரு சிக்கல்: விசிறி சுழல்வது தெரிய ஷட்டரை 1/125 நொடி அளவுக்குக் குறைக்க வேண்டும், துளிகள் உறைந்து நிற்க 1/1000 வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவை அந்தச் சில நொடிகளுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் என் முன்னால் இன்னொரு வரிசை நின்றால் யாருக்கும் படம் கிடைக்காது.

மேலும், ஏப்ரனே சிறந்த இடம் என்ற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. மிக நெருங்கி அகலக் கோண லென்ஸில் எடுத்தால் மூக்கு பூதாகாரமாகி வால் சுருங்கிவிடும். விமானத்தின் முழு வடிவம், கொஞ்சம் உயரத்தில், கொஞ்சம் தள்ளி நிற்கிறவருக்கே அமைகிறது.

வேலியோரம்:
இருவருக்கும் நன்றி. பாதுகாப்பு பற்றிய வாதத்தின் எடையை உணர்கிறேன். ஆயினும் அது முழுத் தடைக்குக் காரணமாகாது. ஃபிராங்க்ஃபர்ட்டிலும் சூரிக்கிலும் பொதுமக்களைப் பேருந்தில் ஏற்றி வேலிக்கு உள்ளே சுற்றிக் காட்டுகிறார்கள். மான்செஸ்டரில் ஓடுதளத்தை ஒட்டிப் பார்வையாளர் பூங்காவே இருக்கிறது. வழக்கமான நாளில் கட்டுப்படுத்த முடிகிற அபாயம் விழா நாளில் மட்டும் கட்டுக்கடங்காமல் போவது எப்படி? என்ஜினுக்குப் பக்கத்தில் நிற்க நாங்கள் கேட்கவில்லை. கோடு போட்டுக் காட்டும் ஒரு கட்டத்துக்குள் நிற்கிறோம், கையில் கழுத்துவார் போட்ட ஒரே கேமராவோடு.

தள்ளி நிற்பதே நல்லது என்கிறார் விழாப்படக்காரர். வெயில் ஏறிய பிறகு கான்கிரீட்டிலிருந்து எழும் கானலில், வேலியோரத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுக்கும் படம் எப்படி நெளிகிறது என்பதை அவர் அறியாதவர் அல்லர். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸானாலும் இடைப்பட்ட சூடான காற்றைத் துளைத்துக்கொண்டு பார்க்காது. அதற்கு நெருக்கம் ஒன்றே மருந்து.

ஆர்வலர்கள் உள்ளே இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2007 அக்டோபர் 25 ஒரு நல்ல சான்று. இரண்டு தளங்கள் கொண்ட ஏ380 விமானத்தின் முதல் வணிகப் பயணம் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது. அதன் இருக்கைகள் அறக்கொடைக்காக ஏலம் விடப்பட்டிருந்ததால், விமானங்களின் மேல் பற்றுக் கொண்ட பலர் அதில் பயணிகளாகவே ஏறினார்கள். மாடிப்படிகளையும் சன்னல் விளிம்பையும் உணவு வண்டியையும் அவர்கள்தான் கவனித்துப் படமெடுத்தார்கள்.

சன்னலிருக்கை:
இந்த விவாதத்தில் பயணிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. முதல் பயணத்துக்கு வந்திருக்கும் எல்லோரும் விழாவுக்காக வந்தவர்கள் அல்லர். துக்கத்துக்குப் போகிறவரும் மருத்துவத்துக்குப் போகிறவரும் அந்த வரிசையில் நிற்பார்கள். முதல் பயணியின் கையில் போர்டிங் பாஸைக் கொடுத்து, அதைக் கேமராவுக்குக் காட்டச் சொல்வது பரவலான வழக்கமாகிவிட்டது. அந்தச் சீட்டில் உள்ள பட்டைக்குறியில் பயணியின் பெயரும் முன்பதிவுக் குறியீடும் அடங்கியுள்ளன. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பல நிறுவனங்களின் தளங்களில் முன்பதிவையே திறந்துவிடலாம். நிறுவனம் அமர்த்தியவரிடமாவது பிறகு முறையிடலாம்; ஆர்வலர் குழுவில் ஒருவர் இதைச் செய்தால் பயணி யாரிடம் போவது?

பழங்கோப்பு:
யார் உள்ளே போக வேண்டும் என்ற கேள்விக்கு முன்னால், அந்தப் படங்கள் எதற்காக என்று கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1970 ஜனவரி 15 அன்று, அமெரிக்க அதிபரின் துணைவியார் பாட் நிக்சன் பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் போயிங் 747 விமானத்துக்கு வாஷிங்டனின் டல்லஸ் நிலையத்தில் பெயர் சூட்டினார். ஷாம்பெயின் புட்டியை உடைப்பதற்குப் பதிலாக, சிவப்பு, வெள்ளை, நீல நிறத் தண்ணீர் விமானத்தின்மேல் பீய்ச்சப்பட்டது. ஆறு நாள் கழித்து, 21ஆம் தேதி மாலை நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு முதல் வணிகப் பயணம் புறப்பட வேண்டும். அதற்கென நிறுத்தியிருந்த விமானத்தில் என்ஜின் அதிகமாகச் சூடேறியதால், பயணிகளை இறக்கி, வேறொரு 747 கொண்டுவரப்பட்டு, 22ஆம் தேதி அதிகாலையில்தான் புறப்பட்டார்கள். அந்த மாற்று விமானத்தின் பதிவெண் என்736பிஏ. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு ஓடுதளத்தில் மோதிக்கொண்ட இரண்டு 747களில் ஒன்று அதுதான். 583 பேர் இறந்த அந்த விபத்தோடு அதன் கதை முடிந்தது.

அந்த அதிகாலையில் படமெடுத்த எவருக்கும், தாம் எடுப்பது பின்னாளில் எவ்வளவு வேண்டப்படும் என்று தெரிந்திருக்க வழியில்லை. இன்று அத்தகைய ஒரு படம் என் கைக்கு வந்தால், முதலில் நான் தேடுவது வாலருகே உள்ள பதிவெண்ணைத்தான். அது படச்சட்டத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருந்தால், திட்டமிட்ட விமானமா, பறந்த விமானமா என்று சொல்வது கடினமாகிவிடும். ஆகவே என் வேண்டுகோள் இரு தரப்புக்கும் ஒன்றே: ஒவ்வொரு விழாவிலும் பதிவெண் தெளிவாகத் தெரியும் ஒரு முழுநீளப் பக்கவாட்டுப் படம் கட்டாயம் எடுக்கப்பட வேண்டும். படக்கோப்பின் குறிப்புப் பகுதியில் தேதி, பயண எண், நிறுத்துமிட எண், நேரம் ஆகியவை எழுதப்பட வேண்டும். நேரம் உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா என்பதும் இருக்க வேண்டும். ஆர்வலர்கள் இதைத் தாமாகவே செய்கிறார்கள். நிறுவனங்களின் செய்திக் குறிப்போடு வரும் படங்களில் இது அரிதாகவே இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வேலியோரத்தின் பக்கம் நிற்கிறேன்.

விழாப்படக்காரர்:
பதிவெண் படத்தை நான் எடுக்கத் தடையில்லை. வேலைப் பட்டியலில் அது இல்லாவிட்டாலும் இனிச் சேர்த்துக்கொள்வேன். ஆனால் எடுத்தபின் அதன் உரிமை நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. அதைக் காப்பகத்துக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் என் கையில் இல்லை. அந்தக் கோரிக்கையை நிறுவனங்களிடம் எழுத்தில் வையுங்கள்.

ஏப்ரன் பணியாளர்:
பழங்கோப்பு சொல்லும் பக்கவாட்டுப் படத்துக்கு யாரும் கான்கிரீட்டில் கால்வைக்கத் தேவையில்லை. அது நிலையக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்தே நன்றாக அமையும். வேலியில் லென்ஸ் நுழையும் அளவுக்குத் துளை வெட்டித் தருவதையும், விழா நாளில் வந்து நிற்கும் நேரத்தையும் நிறுத்துமிடத்தையும் முன்கூட்டி அறிவிப்பதையும் நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். பேருந்தில் உட்கார்ந்தபடி, இறங்காமல், சன்னல் வழியாக எடுப்பதற்கும் எதிர்ப்பில்லை. இரவில் விமானி அறையை நோக்கி ஃப்ளாஷ் அடிப்பவரை மட்டும் அப்போதே வெளியேற்ற வேண்டும். தரையில் இறங்கும் குழுவை, எவ்வளவு சிறியதானாலும், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேலியோரம்:
பயணிகள் பற்றிச் சன்னலிருக்கை எழுதியதை அப்படியே ஏற்கிறேன். போர்டிங் பாஸும் ஒப்புதல் தராதவரின் முகமும் தெரியும் படங்களை வெளியிடக் கூடாது என்பதை அனுமதிப் படிவத்தின் முதல் நிபந்தனையாக்கலாம், மீறுகிறவரின் பெயரை நிரந்தரமாக நீக்கலாம். எழுத்தில் அனுமதி இருப்பது எங்களுக்கும் தேவை: 2001இல் கிரீஸின் கலமாட்டா வான்படைத் தளத்தில் கைதான பிரிட்டன், நெதர்லாந்து ஆர்வலர்கள் தண்டிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில்தான் விடுவிக்கப்பட்டனர்.

பேருந்து யோசனையையும் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நிறமேற்றிய கண்ணாடி வழியாக எடுக்கும் படத்தில் நிறமும் கூர்மையும் கெடும் என்பதால், திறக்கக்கூடிய சன்னல்கள் உள்ள வண்டி வேண்டும். இறங்கி நிற்பது பற்றி எங்கள் இருவருக்கும் இடையே இன்னும் உடன்பாடு இல்லை. செய்தியாளர்கள் எந்தக் கோட்டுக்குள் நிற்கிறார்களோ, அதே கோட்டுக்குள் அதே மேலாடையை அணிந்து நிற்கும் ஆர்வலரால் கூடுதலாக என்ன ஆபத்து வந்துவிடும் என்ற என் கேள்விக்கு ஏப்ரன் பணியாளர் இதுவரை பதில் தரவில்லை. அதை அவரிடம் மீண்டும் கேட்கிறேன்.