உதட்ட பாத்தே எழுத்தா மாத்தித் தர்ற ஆப் இருக்கா?

காதுமெஷின்:
ரெண்டு காதுலயும் மெஷின் போட்டிருக்கேன், ஆனா பாதிக்கு மேல உதட்ட பாத்துதான் புரிஞ்சுக்கிறேன். ஒருத்தர் எதிர்ல உக்காந்து பேசுனா சமாளிச்சிடுவேன், மீட்டிங்லதான் மாட்டிக்கிறேன், யாரு பேசுறாங்கன்னு தேடித் திரும்புறதுக்குள்ள அவங்க முடிச்சிடுறாங்க. ஏஐ உதட்ட பாத்து 95 சதவீதம் சரியா சொல்லுதுன்னு படிச்சேன். போன் கேமராவ அவங்க பக்கம் திருப்பி வச்சா எழுத்தா வர்ற மாதிரி ஏதாச்சும் இருக்கா?

ஒலியன்:
அந்த 95 லிப்நெட்னு உதடு படிக்கிற ஒரு ஏஐயோட கணக்கு, 2016ல ஆக்ஸ்போர்டுல பண்ணது. ஆனா அந்த வீடியோக்கள்ல மொத்தமே 51 வார்த்தைதான், எல்லா வாக்கியமும் ஒரே அச்சு, எல்லாரும் கேமராவ நேரா பாத்து பேசுனது. அப்புறம் அங்கயே பிபிசி நிகழ்ச்சிகள வச்சு இன்னொண்ணு செஞ்சப்ப 46.8 சதவீத வார்த்தைதான் சரியா வந்துச்சு (அதே வீடியோவ தொழிலாவே உதடு படிக்கிறவர்கிட்ட குடுத்தப்ப 12.4தான், அது வேற விஷயம்).

கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமில்லாம பாடு, மாடுன்னு சொல்லிப் பாருங்க. பணம், மணம், மனம் சொல்லிப் பாருங்க. உதடு ஒரே மாதிரிதான் மூடித் தொறக்கும், வித்தியாசமெல்லாம் மூக்குலயும் நாக்குலயும் நடக்குது. உதட்டுல இல்லாதத எவ்ளோ நல்ல கேமராவாலயும் எடுக்க முடியாது, மைக்குக்கு அது கேக்கும். அதனால எழுத்து வேணும்னா கூகுளோட லைவ் டிரான்ஸ்கிரைப் மாதிரி சத்தத்த கேட்டு எழுதுற ஆப்புக்கு போங்க, தமிழும் வருது.

பாதிகேள்வி:
நான் அத யூஸ் பண்றேன், ஒரு தொல்லை இருக்கு. எழுத்த பாக்க குனிஞ்சா உதடு போச்சு, உதட்ட பாத்தா எழுத்து ஓடிப்போச்சு, எனக்கு இருக்கிறது ஒரு ஜோடி கண்ணுதான? இப்ப போன ஸ்டாண்டுல நிமித்தி பேசுறவர் தாடைக்கு நேர் கீழ தெரியுற மாதிரி வச்சுக்கிறேன், பேரு மட்டும் எழுத்துல பிடிச்சுப்பேன். அதவிட பெரிய உதவி மெஷினோட சேர்ற ரிமோட் மைக். பேசுறவர் சட்டைல மாட்டிட்டா சத்தம் நேரா காதுக்கு வருது, பேச்சு கொஞ்சம் காதுல விழுந்தாலே உதடு படிக்கிறது ரொம்ப சுலபமாயிடும்.

ஒலியன்:
ஆமா, 1954லயே சம்பி, பொல்லாக்னு ரெண்டு பேரு அளந்திருக்காங்க, இரைச்சல்ல பேசுறவர் முகம் தெரிஞ்சா பேச்சு சத்தத்த 15 டெசிபல் வரைக்கும் கூட்டி வச்சதுக்கு சமமாம். எழுத்து காட்டுற மூக்குக் கண்ணாடியும் வந்திருக்கு, குனிய வேணாம். இதுக்கு ஒரு தாத்தா இருக்காரு, ஹியூபர்ட் அப்டன், காது கேக்காத இன்ஜினியர், 1960கள்லயே மூக்குக் கண்ணாடில குட்டி லைட்டு வச்சாரு, எழுத்தெல்லாம் இல்ல, உதட்டுல தெரியாத சத்தம் எந்த வகைன்னு மட்டும் மினுக்கும். எனக்கு இன்னும் அந்த யோசனைதான் புடிச்சிருக்கு.

காதுமெஷின்:
அப்ப மைக்தான் மொதல்ல. நாலு பேர் இருந்தா கைமாத்திக்கிட்டே இருக்கணுமா?

பாதிகேள்வி:
டேபிள் நடுவுல வைக்கிற மாடல் இருக்கு, சட்டைல மாட்டுற அளவுக்கு தெளிவா வராது. வாங்குறதுக்கு முன்னாடி உங்க மெஷினோட சேருமான்னு அத பொருத்தி விட்ட ஆடியாலஜிஸ்ட்ட கேளுங்க, எல்லாம் எல்லாத்தோடயும் சேராது. அப்புறம் ஜன்னலுக்கு முதுக காட்டி உக்காருங்க, வெளிச்சம் அவங்க மூஞ்சில விழணும்.