டிவியில் வந்த நம்ம ஊர் காமெடி நடிகர்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

காவேரிப்பட்டினம் (தொடங்கி வைப்பவர்)

2025 செப்டம்பர் 18-ல் ரோபோ சங்கர் காலமானதிலிருந்து எங்கள் தெருவில் டிவி காமெடி நடிகர்களைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. உடம்பு முழுக்க வெள்ளி நிறம் பூசிக்கொண்டு ஊர் மேடைகளில் ரோபோ டான்ஸ் ஆடியதால் வந்த பெயர் அது என்பதே பல பேருக்கு இப்போதுதான் தெரிகிறது. நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமும் அதே வழியில் போன ஒருத்தர் இருக்கிறாரே, அவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவருடைய அப்பா பாரதக் கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டியவர். ராஜா வருகிறார் என்று அறிவித்துவிட்டு, அந்த ராஜாவையே கிண்டல் செய்கிற வேஷம்.

நேரில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். யூடியூபில் பார்த்ததெல்லாம் எல்லோரும் பார்த்ததுதான்.

காரிமங்கலம், மைக் செட்

எனக்கு அவரைப் பழக்கம் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான சமயத்திலிருந்து, அதாவது 2004. அப்போது ஒரு ஆர்கெஸ்ட்ராவில் இருந்தார். பாடகர்கள் தண்ணீர் குடிக்கப் போகும்போது இவர் மேடைக்கு வருவார். ரயில் சத்தம், நாய்ச் சண்டை, எம்.ஆர்.ராதா, ரஜினி எல்லாம் அஞ்சு நிமிஷத்தில். "அடுத்த பாட்டைப் போடுங்கப்பா" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தர் கத்துவார். அந்தக் குரலையே திருப்பிப் பேசிக் காட்டிவிட்டுத்தான் இறங்குவார்.

ரோபோ டான்ஸும் ஆடினார். ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நின்று வெள்ளி பெயிண்ட் பூசுவார், நான் டார்ச் பிடிப்பேன். கண் இமையில் மட்டும் பெயிண்ட் படக்கூடாது, எரியும் என்று அங்கே விபூதியைக் குழைத்துத் தடவிக்கொள்வார். மேடை விளக்குச் சூட்டில் வேர்த்தால் முழங்கை மடிப்பில் பெயிண்ட் வெடித்துத் தோல் தெரியும். ஆட்டம் முடிந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். முழுசாகப் போகாது. காது மடலில் வெள்ளி மின்ன மின்ன, முதல் பஸ்ஸில் ஊர் போய்ச் சேருவார். பஸ்ஸில் குழந்தைகள் அழும், கண்டக்டர் சிரிப்பார்.

2005-ல் விஜய் டிவியில் 'கலக்கப்போவது யாரு' வந்ததும் மிமிக்ரி செய்கிற பசங்க எல்லோருக்கும் சென்னை ஆசை பிடித்துக்கொண்டது. சிவகார்த்திகேயன் அந்த நிகழ்ச்சியில் ஜெயித்துத்தானே மேலே வந்தார். நம்ம ஆளும் ஆடிஷன் ஆடிஷனாகப் போனார். பல வருஷம் கழித்துத்தான் வேறொரு நிகழ்ச்சியில் முகம் காட்டினார். அதற்கப்புறம் ஃப்ளெக்ஸில் 'டிவி புகழ்' என்று பாடகரைவிடப் பெரிய படமாகப் போட ஆரம்பித்தார்கள். சேனல் கொடுத்த பணம் சென்னை போய்வரவும் தங்கவும் சரியாகப் போனது என்பார். அந்த ஃப்ளெக்ஸை வைத்துத் திருவிழா மேடையில் வாங்கியதுதான் சம்பாத்தியம். தை பிறந்தால் சீசன், மார்கழியில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஒரு தொழில் விஷயம் சொல்கிறேன். பாடகர்கள் எல்லோரும் எக்கோவை ஏற்று என்பார்கள். இவர் ஒருத்தர்தான் வந்ததும் வராததுமாக "எக்கோவை எடுத்துடுங்க" என்பார். கடைசி வார்த்தை தெளிவாகக் கேட்டால்தான் சிரிப்பு வரும், இழுத்தால் போச்சு. ஒரு ஸ்பீக்கர் பாக்ஸைப் பெண்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் திருப்பச் சொல்வார். சிரிப்பு அங்கேதான் முதலில் கிளம்பும், ஆம்பளைங்க அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்கள் என்பது அவர் கணக்கு. நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன், அப்படித்தான் நடக்கிறது.

ஓசூர், கம்பெனி வேலை

நான் ஷூட்டிங்குக்கே போயிருக்கிறேன். ஆடியன்ஸாக உட்கார ஆள் வேண்டும் என்று அவர்தான் எங்கள் ரூம் பசங்களைக் கூப்பிட்டார். காலையில் போய் உட்கார்ந்தோம். மேடையில் யாருமே இல்லை, எங்களைக் கைதட்டச் சொல்லி எடுத்தார்கள். அப்புறம் விழுந்து விழுந்து சிரிக்கச் சொன்னார்கள். அதையும் எடுத்துக்கொண்டார்கள். அவர் ஸ்கிட் வரும்போது ராத்திரி ஆகிவிட்டது, எங்களுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அவருக்குச் சேலை கெட்டப். விஜய் டிவியின் 'அது இது எது' நிகழ்ச்சியில் 'சிரிச்சா போச்சு' சுற்று ஹிட்டானதிலிருந்து எந்த காமெடி நிகழ்ச்சியைப் போட்டாலும் ஒரு ஆம்பளை சேலை கட்டி வந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. வடிவேலு மாதிரிப் பேசிப் பெயர் வாங்கிய வடிவேல் பாலாஜி கட்டினால் அதில் ஒரு நளினம் இருந்தது, மற்றவர்கள் கட்டியது பெரும்பாலும் வெறும் சேலைதான். இது என் அபிப்பிராயம்.

நம்ம ஆள் மேடையில் ஒரு பத்து நிமிஷம் செய்தார். டிவியில் வந்தது இரண்டு, மூன்று நிமிஷம் இருக்கும். எனக்குப் பிடித்த இடம் எல்லாம் போயிருந்தது. வந்த கொஞ்சமும் மதுரை பாஷை. டிவி காமெடியில் மதுரை உண்டு, கோவை உண்டு, நெல்லை உண்டு. நம்ம ஊர்ப் பேச்சை எங்கே கேட்டிருக்கிறீர்கள்?

ஊத்தங்கரை, ஆசிரியை

அவருடைய மகள் எங்கள் பள்ளியில் படித்தாள். சேலை கெட்டப் வந்த வாரம் பசங்க அவளை ஓட்டி எடுத்துவிட்டார்கள். ஆண்டு விழாவுக்கு அவரை அழைக்கலாமா என்று எங்களுக்கே தயக்கம். மகள்தான் கூப்பிடச் சொன்னாள். பேன்ட் சட்டையில் வந்தார். எங்கள் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் வருகைப் பதிவு எடுப்பதைச் செய்து காட்டினார், என்னையும் சேர்த்து. பேரைக் கூப்பிட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பேனாம்! யாரிடம் விசாரித்தார் என்று இன்றுவரை தெரியாது. பணம் வாங்கவில்லை, சால்வையும் வேண்டாம் என்றுவிட்டார்.

தேன்கனிக்கோட்டை, விழாக் கமிட்டி

எங்கள் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். வெளியூர்க் கலைஞர்கள் பாதிக் கூட்டத்தை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் மாமியாரைத் தெலுங்கில் பேசவிட்டு, மருமகனைக் கன்னடத்தில் பேசவிட்டு, நடுவில் தரகராகத் தமிழில் நின்றார். சிரிக்காத ஆள் இல்லை.

அன்றைக்கு நடந்த கூத்து வேறு. ராத்திரி பத்து மணிக்கு மைக்கை அணைத்தாக வேண்டும். முக்கியஸ்தர்கள் பேச்சும் பொன்னாடையும் முடியவே ஒன்பதே முக்கால். எங்களுக்குக் கை கால் உதறல், முழுப் பணமும் பேசியிருக்கிறோம். அவர் மேடை ஏறி மிமிக்ரியே செய்யவில்லை. "இப்போது நன்றியுரை" என்று ஆரம்பித்தார். பந்தல் போட்டவர், பந்தலுக்குக் குழி தோண்டியவர், அந்தக் குழியில் விழுந்தவர் என்று ஒவ்வொருத்தருக்கும் நன்றி சொல்லி, தன் தோளில் இருந்த துண்டையே எடுத்துத் தனக்குப் போர்த்திக்கொண்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முக்கியஸ்தர்களும் சிரித்தார்கள், வேறு வழி? ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த காவலர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "அண்ணனுக்கும் நன்றி" என்று கும்பிட்டபடியே இறங்கினார். மணி சரியாகப் பத்து.

காவேரிப்பட்டினம் (தொடங்கி வைத்தவர்)

அது அப்படியே அவங்க அப்பா கட்டியக்காரன். டிவியில் அதற்கு இடமே கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்ததைப் பேசு, முடிந்ததும் இறங்கு என்றால் கட்டியக்காரன் என்ன செய்வான்?

போச்சம்பள்ளி, மாந்தோப்பு

2020 ஊரடங்கு போட்டது மார்ச் கடைசியில். பங்குனி, சித்திரைத் திருவிழா எல்லாம் போச்சு, அவருக்கு வருஷ வருமானமே அதுதான். மச்சானுடைய டாடா ஏஸை எடுத்து ஓட்ட ஆரம்பித்தார். எங்கள் தோட்டத்து பெங்களூரா மாங்காயைக் கூழ் ஃபேக்டரிக்கு ஏற்றிப் போனவர் அவர்தான். நான் கூடவே போனேன். கேட்டுக்கு வெளியே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், எடை போட மறுநாள் ஆனாலும் ஆகும். மாஸ்க் போட்டிருந்தாலும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். "அண்ணே, வடிவேலு மாதிரிப் பேசுங்கண்ணே." முதலில் பேசினார். வண்டிக்கு வண்டி கேட்க ஆரம்பித்ததும், கீழே இறங்கி டயருக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். கூச்சமா கோபமா என்று எனக்குப் புரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த செப்டம்பர் 10-ம் தேதி வடிவேல் பாலாஜி காலமானார். கொஞ்ச நாள் கழித்து சந்தையில் பார்த்தபோது அந்தப் பேச்சுதான். "அவர் மதுரைக்காரர், அவருக்கு அது வீட்டுப் பேச்சு. நான் இரவல் வாங்கிப் பேசினேன்" என்றார். மேடை திரும்ப ஆரம்பித்தபோது, "மாங்கா ஏத்தினு போய்னு இருக்கறேன்" என்று ஃபேக்டரி கேட் வரிசையையே ஒரு ஐட்டமாக வைத்துவிட்டார். எடை போடுபவர், தரகர், தூங்குகிற டிரைவர், வடிவேலு குரல் கேட்டு நச்சரிக்கிற ஆள் எல்லாம் அதில் உண்டு. அந்தக் கடைசி ஆள் நான்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

பாலக்கோடு

எல்லோரும் புகழ்கிறீர்கள். எங்கள் ஊருக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டு வரவில்லை. கூட்டத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

காரிமங்கலம், மைக் செட்

அது எனக்குத் தெரியும். ஷூட்டிங் தேதியைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். அட்வான்ஸை என் கையில்தான் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். ஆனால் முதல் நாள் ராத்திரிதான் சொன்னார், அது தப்புதான்.

ஓசூர், இன்னொருவர்

சந்திரசூடேஸ்வரர் தேர் சமயத்தில் எங்கள் தெருவுக்கு அவரை அழைக்கலாம் என்று இருக்கிறோம். யாரைப் பிடிக்க வேண்டும்?

காரிமங்கலம், மைக் செட்

என்னிடம் சொல்லுங்கள், கேட்டுச் சொல்கிறேன். தேர் அன்றைக்கு வேறு ஊருக்கு ஒத்துக்கொண்டுவிட்டார், மறுநாள் காலிதான். மைக் செட் உங்களுடையதாக இருந்தாலும் பரவாயில்லை, கையில் பிடிக்கிற மைக்காகக் கொடுங்கள், காலர் மைக் அவருக்கு ஒத்துவராது. பேச்சாளர்கள் பட்டியலை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.