முதுமலை, பண்டிப்பூர் தீப்புள்ளிகள்: 2012க்குப் பின் காணும் உயர்வு உண்மையானதா?

மாயாற்றுக்கரை:
முதுநிலை ஆய்வேட்டுக்காக, முதுமலையிலும் பண்டிப்பூரிலும் காட்டுத்தீ எங்கெங்கே, எந்தெந்த ஆண்டுகளில் மிகுந்தது என்று வரைபடமாக்கி வருகிறேன். 2001 முதல், செயற்கைக்கோளிலிருந்து தீயைக் கண்டறியும் மோடிஸ் உணரியின் தீப்புள்ளிகளையும், 2012 முதல் அவற்றுடன் அதே வகையான விர்ஸ் உணரியின் புள்ளிகளையும் சேர்த்து எண்ணியபோது, 2012க்குப் பின் எண்ணிக்கை சட்டென்று பல மடங்காகிறது. ஆண்டு மழையளவில் அதற்கு ஈடான மாற்றம் எதுவும் இல்லை. இதைத் தீ பெருகியதற்குச் சான்றாகக் கொள்ளலாமா?

நிலவரை:
கொள்ள இயலாது. மோடிஸின் ஒரு பிக்சல் தரையில் 1 கி.மீ. பக்கமுள்ள சதுரம், விர்ஸின் பிக்சலுக்குப் பக்கம் 375 மீட்டர்தான். முன்னதற்குள் பின்னது ஏழு அடங்கும் என்பதால், அன்று ஒரு புள்ளியாகப் பதிவான அதே தீ இன்று ஏழு புள்ளிகளாகவும் பதிவாகலாம். அன்று பிடிபடாத சிறு தீயும் இன்று அகப்படும். தொடரின் தொடக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. மோடிஸைச் சுமக்கும் இரு செயற்கைக்கோள்களில், பிற்பகல் 1.30 மணியளவில் கடந்துவந்த அக்வா 2002 மே மாதத்தில்தான் ஏவப்பட்டது. அதுவரை காலை 10.30 மணியளவில் கடந்துவந்த டெரா மட்டுமே இருந்தது. சருகு நன்றாகக் காய்ந்து தீ வலுப்பது பிற்பகலில் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மோடிஸ் தொடரை 2003இல் தொடங்கி, விர்ஸைத் தனித் தொடராக வையுங்கள். இரண்டையும் கூட்ட வேண்டாம்.

சருகுமான்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மழையை ஆண்டு மொத்தமாகப் பார்த்ததும் பொருந்தாது. இக்காடுகளில் எரிவது பெரும்பாலும் மரமன்று, தரையிலுள்ள புல்லும் சருகும். முந்தைய பருவமழை நன்றாகப் பெய்தால் புல் அடர்ந்து வளரும். பிறகு ஜனவரி முதல் மார்ச் வரை மழை பொய்த்தால் அதுவே எரிபொருளாகும். 2018 ஆகஸ்டில் வயநாட்டிலும் குடகிலும் பெருமழை கொட்டியது. பண்டிப்பூரில் பெருந்தீ மூண்டது 2019 பிப்ரவரியில். ஆகவே முந்தைய ஆண்டின் பருவமழையையும் கோடையின் வறண்ட நாள்களையும் தனித்தனி மாறிகளாகக் கொள்வதே முறை.

மாயாற்றுக்கரை:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் புள்ளிகளை விட்டுவிட்டு எரிபரப்பையே கணக்கிடுவது மேலா?

நிலவரை:
இவ்வளவு சிறிய பகுதிக்கு அதுவே மேல். மோடிஸின் எரிபரப்புத் தரவு 500 மீட்டர் நுணுக்கம் கொண்டது. ஓடைக்கரையில் எரியாமல் தப்பிய பசுமைக் கீற்றுகள் அதில் தெரியா. லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் 30 மீட்டர் நுணுக்கப் படங்களைக் கொண்டு எரிந்த இடங்களின் எல்லையை வரையுங்கள். கோடைமழை விழுந்து புதுப்புல் தளிர்த்துவிட்டால் தீத்தடம் மறைந்துவிடும் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முந்தைய படமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சருகுமான்:
இன்னொன்று. கோடைக்கு முன்பே வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடுகளைத் தாமே எரித்து வைப்பதுண்டு. சாலையோரமாக நீண்டு கிடக்கும் ஜனவரித் தடங்கள் அவையாக இருக்கக்கூடும். துறையின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவற்றைக் காட்டுத்தீக் கணக்கில் சேருங்கள்.